ஆட்டிசம் எதனால் வந்தது, அடுத்த குழந்தைக்கும் வருமா?

உங்கள் பதிவில் நாலைந்து கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. மகனுக்கு இரண்டரை வயது, ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் சொந்த அத்தை மகன். கர்ப்பத்தில் காய்ச்சல் வந்து பாராசிட்டமால் போட்டீர்கள். ஒன்றரை வயது ஊசி போட்ட கொஞ்ச நாளில் பையன் பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோனது. போனைக் காட்டித்தான் சோறு ஊட்டினீர்கள். மாமியார் "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்கிறார். இதில் எது காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் படிக்கும்போது எனக்குக் கேட்டது வேறு: இது என்னால் வந்ததா, இன்னொரு பிள்ளை பெற்றால் அதற்கும் வருமா? முதல் கேள்விக்கு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை என்பதுதான் என் பதில். இரண்டாவதற்குக் கொஞ்சம் தெளிவான கணக்கு உண்டு, கடைசியில் அதற்கு வருகிறேன். நான் குழந்தை மருத்துவர், பல வருடங்களாக வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைத்தான் பார்த்து வருகிறேன். உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, அதனால் அவனுக்குக் குறிப்பாக எது காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உலகம் இதுவரை எதை உறுதியாகக் கண்டிருக்கிறது, எதில் இன்னும் சண்டை நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

தாயைக் குற்றம் சொல்வது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1943இல் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இது பிறவியிலேயே அமைந்தது என்றுதான் அவரும் அதில் எழுதினார். ஆனால் பெற்றோர்கள் பாசம் குறைந்தவர்களாக இருப்பதாகவும் ஓரிடத்தில் சொல்லி வைத்தார், அதைப் பிடித்துக்கொண்டு 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் "அம்மா அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி" என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அதற்கு ஆதாரம் என்று எதுவும் இருந்ததில்லை. நம் ஊரில் அதே குற்றச்சாட்டு வேறு வேஷத்தில் வரும்: வேலைக்குப் போனாய், மாசமாக இருக்கும்போது அழுதுகொண்டே இருந்தாய், கிரகணத்தன்று வெளியே வந்தாய். இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தூரப் போட்டுவிடலாம்.

அந்தக் கதையை உடைத்தது இரட்டைக் குழந்தைகள் ஆய்வு. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்தது. ஒரே கரு பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இரண்டு பேருக்கும் இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் சேர்ந்து இல்லை. இரண்டு வகை இரட்டையரும் ஒரே வயிற்றில் வளர்ந்தவர்கள், ஒரே வீட்டில் ஒரே அம்மாவிடம் வளர்ந்தவர்கள், வித்தியாசம் மரபணுவில்தான். சின்ன ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அந்தத் திசையிலேயே போயின. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் சுமார் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு, மரபின் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம் என்று கணித்தது. இந்த எண்ணைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். உங்கள் பையனின் ஆட்டிசத்தில் 80 பங்கு மரபணு, 20 பங்கு நீங்கள் செய்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போகிற வேறுபாட்டில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதற்கான கணக்கு அது. மீதியில் கர்ப்பகால நோய்கள், குறைப்பிரசவம், மூளை வளரும்போது தற்செயலாக நடக்கிறவை எல்லாம் அடக்கம்.

சரி, மரபணு என்றால் பரம்பரையில் யாருக்காவது இருந்திருக்க வேண்டுமே? இங்கேதான் உங்கள் மாமியார் மட்டுமல்ல, படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளில் ஒரே ஒரு கெட்ட மரபணு காரணம் இல்லை. தனித்தனியாக ஒன்றும் செய்யாத நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் அம்மாவிடம் கொஞ்சம், அப்பாவிடம் கொஞ்சம் இருக்கும். கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டில் ஒரு கைக்கு அபூர்வமாக ஒரு சேர்க்கை விழுவதுபோல அவை ஒரு பிள்ளையிடம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சேர்த்துக் கொடுத்த இருவரும் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் கணக்கு வாத்தியாராகவோ கடைக்காரராகவோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள். அப்புறம், பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாக உண்டாகும் மாற்றங்கள் உண்டு. இவை முழுக்க மரபணு சார்ந்தவை, ஆனால் பரம்பரையில் தேடினால் கிடைக்காது. அப்பாவின் வயது ஏற ஏற இப்படிப்பட்ட புதிய மாற்றங்களின் எண்ணிக்கை கூடும், வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு என்று ஐஸ்லாந்தில் 2012இல் கணக்கிட்டார்கள். அப்பாவுக்கு நாற்பதுக்கு மேல் பிறக்கும் குழந்தைகளில் ஆட்டிசம் சற்று அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். தொட்டில் பக்கத்தில் நின்று அம்மாவை மட்டும் விசாரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றி நேராகச் சொல்கிறேன். என் அறையில் முதல் நாளே வெள்ளைத் தாளில் குடும்பப் படம் வரைவேன், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் நடுவில் இரட்டைக் கோடு. சில குடும்பங்களில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா என்று இரண்டு மூன்று தலைமுறைக்கும் இரட்டைக் கோடுதான் வரும். "யாருக்கும் இல்லை" என்று தொடங்கும் பாட்டி, படம் முடியும்போது, "பேச்சு வராம சின்ன வயசுலயே செத்துப்போன ஒரு பையன் இருந்தான், ஆனா அது வேற" என்பார். அது வேறா இல்லையா என்பதுதான் எங்களுக்கு வேண்டிய விவரம். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் மரபணுக்களில் சுமார் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும், தாய்மாமனைக் கட்டினால் நாலில் ஒரு பங்கு. இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் இரட்டையாகச் சேர வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் குறைபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பொதுவாக 100க்கு 2, 3 என்று இருப்பது அத்தை மகன் உறவில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அறிவுத்திறன் குறைபாடு, காது கேளாமை, வளர்சிதை மாற்ற நோய்கள் ஆகியவற்றில் இந்தத் தொடர்பு உறுதியானது. ஆட்டிசம் மட்டும் என்று எடுத்தால் ஆதாரம் அவ்வளவு திடமாக இல்லை. அரிதான சில மரபணுக்கள் சொந்தத்தில் மணந்த குடும்பங்களில்தான் கண்டுபிடிக்கப்பட்டன என்பது உண்மை, ஆனால் சொந்தத்தில் கட்டியவர்களின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை என்பதும் உண்மை. உங்கள் விஷயத்தில் இது குற்றம் சாட்டக் காரணமில்லை, பரிசோதனை செய்யத்தான் காரணம்.

ஏனென்றால் ஒரு சிறு பகுதிக் குழந்தைகளில் பெயர் சொல்லக்கூடிய காரணம் கிடைக்கும். எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு மாறுவதால் வரும் ஃப்ராஜைல் எக்ஸ், தோலிலும் மூளையிலும் கட்டிகளும் திட்டுகளும் உண்டாகும் ட்யூபரஸ் ஸ்க்லரோசிஸ், பெண் குழந்தைகளில் ரெட் நோய், குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்தோ கூடியோ இருப்பது என்று பட்டியல் நீளும். இதில் ஒன்றைக் கண்ணாலேயே சந்தேகிக்கலாம். குழந்தையின் முதுகிலோ தொடையிலோ இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள் இருக்கும், வீட்டில் தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கை அடித்தால் அந்தத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். இப்படி மூன்று, நாலு திட்டுகளும் கூடவே வலிப்பும் இருந்தால் அது ட்யூபரஸ் ஸ்க்லரோசிஸாக இருக்க வாய்ப்பு உண்டு, மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், வலிப்புக்கு மருந்து தேர்ந்தெடுப்பதே மாறும். உங்கள் பையனின் உடம்பை யாராவது சட்டையைக் கழற்றிப் பார்த்தார்களா? இல்லையென்றால் அடுத்த முறை கேளுங்கள்.

இப்போது சுற்றுச்சூழல். உறுதியாகத் தெரிந்தவை குறைவு, ஆனால் உண்டு. முதலாவது வால்ப்ரோயேட், வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் கொடுக்கிற மருந்து. டென்மார்க்கில் 2013இல் வந்த ஆய்வில், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஆட்டிசம் 4.4 சதவீதம், மற்றவர்களில் 1.5 சதவீதம். வலிப்புள்ள பெண்கள் யாராவது இதைப் படித்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நின்றுபோனால் வலிப்பே உயிரைக் குடிக்கக்கூடும். பிள்ளைக்குத் திட்டமிடுவதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை. 1964இல் அமெரிக்காவில் ருபெல்லா பரவியபோது வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில் ஆட்டிசம் மிக அதிகமாக இருந்தது. மூன்றாவது, மிகக் குறைமாதத்தில் பிறப்பது. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை, கடும் தொற்று ஆகியவற்றோடும் தொடர்பு தெரிகிறது, ஆனால் அவை சிறிய அளவில்தான் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

கர்ப்பத்தில் பாராசிட்டமால் போட்டால் ஆட்டிசம் வரும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே மேடையில் சொன்னதும் அந்த விஷயம் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிட்டது. என் அறையிலும் "டோலோ போட்டேனே டாக்டர்" என்று கேட்காத அம்மா இப்போது குறைவு. இதில் நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வு ஸ்வீடனில் இருந்து 2024இல் வந்தது, 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பொதுவாக ஒப்பிட்டால், மாத்திரை எடுத்தவர்களின் குழந்தைகளில் ஆட்டிசம் மயிரிழை அளவு அதிகம்: 1.42 சதவீதம், மற்றவர்களில் 1.33. ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டபோது, அதாவது ஒரு கர்ப்பத்தில் எடுத்து இன்னொன்றில் எடுக்காதவர்களைப் பார்த்தபோது, அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. அப்படியானால் முன்பு தெரிந்தது மாத்திரையின் விளைவாக இருக்க வாய்ப்பு குறைவு. மாத்திரை தேவைப்பட்ட காரணமோ, அந்தக் குடும்பத்தின் மரபோ அப்படிக் காட்டியிருக்கலாம். கர்ப்பத்தில் கடும் காய்ச்சலை மருந்தில்லாமல் விடுவதுதான் குழந்தைக்கு ஆபத்து. நீங்கள் செய்தது சரி.

பூச்சிமருந்து, காற்று மாசு இரண்டையும் நான் சந்தேகப் பட்டியலில் வைக்கிறேன். கலிபோர்னியாவில் மருந்தடிக்கும் வயல்களுக்குப் பக்கத்தில் கர்ப்ப காலத்தில் வசித்தவர்களிடம் தொடர்பு தெரிந்தது. ஆனால் வயலோரம் குடியிருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறு எத்தனையோ வித்தியாசம் உண்டு, அதைப் பிரித்தெடுப்பது கஷ்டம். ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சி மருந்தடிக்கிற தோட்டத்தில் நிற்கக்கூடாது என்று சொல்ல ஆட்டிசம் நிரூபணமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, வேறு காரணங்களே போதும்.

தடுப்பூசி சந்தேகப் பட்டியலில் இல்லை. பார்த்து முடித்து, இல்லை என்று தள்ளப்பட்ட விஷயம் அது. எம்எம்ஆர் என்ற தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா கூட்டு ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு, 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டன் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. தரவுகள் திரிக்கப்பட்டவை என்று வெளியே வந்து, 2010இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அதே வருடம் அவருடைய மருத்துவப் பதிவும் பிரிட்டனில் ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்டார்கள், எம்எம்ஆர் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 1993இல் அந்தக் கூட்டு ஊசியையே நிறுத்தினார்கள், யோகோஹாமாவில் அதற்குப் பிறகும் ஆட்டிசம் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை ருபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வந்த வாட்ஸ்அப் வதந்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். விசித்திரம் என்னவென்றால், ஆட்டிசத்துக்கு உறுதியான காரணங்களில் ஒன்றான ருபெல்லாவைத் தடுப்பதே அந்த ஊசிதான்.

ஆனால் உங்கள் கண் முன்னால் நடந்தது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 15 முதல் 24 மாதத்துக்குள் வந்த வார்த்தையை இழப்பார்கள். நம் அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் ஊசியும் வருகிறது. ஊசி தேதி கார்டில் எழுதியிருக்கிறது, வார்த்தை குறைந்த தேதி எங்கும் எழுதியில்லை, அதனால் மனசு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். கேக்குக்குப் பின்னால் இருந்து எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது திரும்புகிறானா, பலூனைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, விரல் நீட்டிச் சுட்டுகிறானா? 1994இல் அமெரிக்காவில் இப்படிப் பிறந்தநாள் வீடியோக்களை வைத்தே ஆய்வு செய்தார்கள், ஒரு வயதிலேயே வித்தியாசம் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் தெரியாது, சிலர் உண்மையிலேயே நன்றாக இருந்து பிறகுதான் மாறுகிறார்கள். ஆனாலும் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்களில் பல, மூளையில் மும்முரமாக வேலை செய்வது கர்ப்பத்தின் நடு மாதங்களில். அடித்தளம் ஊசிக்கு வெகு முன்பே போடப்பட்டுவிடுகிறது.

போன் பற்றி இரண்டு வரி. போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருகிறது என்று நிரூபணம் இல்லை, "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற பெயரில் அங்கீகரிக்கப்பட்ட நோய் எதுவும் இல்லை. ஆட்களிடம் ஒட்டாத குழந்தை திரையில் அதிகம் ஒட்டும் என்பதால் எது முதலில் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் நாள் முழுக்கத் திரை பார்த்ததால் பேச்சு தாமதமான பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், அணைத்துவிட்டு முகத்துக்கு முகம் பேசினால் அவர்களில் பலர் சீக்கிரம் முன்னேறுவார்கள். காரணமோ இல்லையோ, குறைத்துவிடுங்கள்.

"முன்னெல்லாம் இது கிடையாதே" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளில் 2000இல் 150க்கு ஒருவர் என்று இருந்த கணக்கு 2022இல் 31க்கு ஒருவர். அதில் பெரும்பங்கு, வரையறை விரிந்ததாலும், தேடிக் கண்டுபிடிப்பதாலும், முன்பு வேறு பெயரில் போனவர்கள் இந்தப் பெயருக்கு மாறியதாலும் வந்தது. நம் ஊரில் அந்தப் பிள்ளைகளை "மூளை வளர்ச்சி இல்லை", "வாய் பேசாது", "ஒரு மாதிரி" என்று சொல்லி விட்டிருந்தோம். குறைமாதக் குழந்தைகள் அதிகம் பிழைப்பது, தாமதமாகப் பிள்ளை பெறுவது ஆகியவற்றால் கொஞ்சம் உண்மையான ஏற்றமும் இருக்கலாம்.

இனி அடுத்த குழந்தை. 2024இல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் 1,605 குழந்தைகளைப் பிறந்ததில் இருந்து பின்தொடர்ந்தார்கள். 5இல் ஒருவருக்கு ஆட்டிசம் வந்தது. பிறப்பது ஆண் என்றால் சுமார் 25 சதவீதம், பெண் என்றால் 13. மருத்துவப் பதிவேடுகளை மட்டும் வைத்து ஸ்வீடனில் பார்த்தபோது மொத்தத்தில் சுமார் 13 சதவீதம்தான். ஆக, பத்தில் ஒன்றுக்கும் நாலில் ஒன்றுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த எண்கள் காரணம் தெரியாத குடும்பங்களுக்கு, அதிலும் பெரும்பாலும் சொந்தத்தில் மணக்காத மேற்கத்தியக் குடும்பங்களுக்கு. உங்கள் பையனிடம் ஒரு குறிப்பிட்ட காரணம் கிடைத்தால் கணக்கே வேறு: புதிதாக உண்டான மாற்றம் என்றால் வாய்ப்பு 1 சதவீதம் அளவுக்கு இறங்கும், இருவரிடமும் மறைந்திருந்த குறை என்றால் 25 சதவீதம், ஃப்ராஜைல் எக்ஸ் என்றால், அது பையனுக்குத் தாய்வழியில் வருவதால், உங்கள் அக்கா தங்கைகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிவரும்.

அதனால் இன்னொரு கர்ப்பத்துக்கு முன் ஒரு மரபணு மருத்துவரைப் பாருங்கள். குரோமோசோமில் துண்டு குறைந்தோ கூடியோ இருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே, ஃப்ராஜைல் எக்ஸ் பரிசோதனை இரண்டும் முதலில். சொந்தத்தில் மணந்திருப்பதால், மரபணுக்களின் எழுத்துகளையே வாசித்துப் பார்க்கும் எக்ஸோம் பரிசோதனையையும் அவர் சொல்லக்கூடும். ஒரு விஷயத்துக்குத் தயாராகப் போங்கள்: மைக்ரோஅரேயில் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் தெளிவான விடை வரும். ரிப்போர்ட் சாதாரணம் என்று வந்தால் மரபணுக் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வரவும் செய்யும், நம் மக்களின் மரபணுத் தகவல் உலகத் தரவுத்தளங்களில் குறைவு என்பதால் நமக்கு அது அடிக்கடி வரும். அப்படி வந்தால் அதை வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பையனுக்குக் காது கேட்கும் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால், மரபணுவுக்கு முன் அதைச் செய்யுங்கள். வலிப்பு மாதிரி ஏதும் இல்லாதபோது மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஇஜி, மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ எல்லாம் கட்டாயம் இல்லை.

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேட்டு ஆட்கள் வருவார்கள். ஸ்டெம் செல் ஊசியை ஆட்டிசத்துக்கு முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் இடமில்லை. உடம்பில் இருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று மருந்து ஏற்றியதில் 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தே போனான். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிப் பயிற்சியும் இலவசம், சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீட்டுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். இரண்டாவது குழந்தை பிறந்தால், ஒன்பது மாதத்தில் இருந்தே பெயர் சொன்னால் திரும்புகிறதா, ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கவனியுங்கள், சந்தேகம் வந்தால் "பையன்னா லேட்டாத்தான் பேசுவான்" என்ற பேச்சைக் கேட்டுக் காத்திருக்காமல் அந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள். ஊசிகளை மட்டும் விடாதீர்கள், இருவருக்குமே.